கொள்ளுத்தாத்தாவைத் தேடும்போது வழுக்கும் இடங்கள்

வம்சாவளி தேட உட்காருகிறவர்கள் பலர் முதல் வேலையாக ஒரு செயலியை இறக்கி, அதிலுள்ள கட்டங்களை நிரப்பத் தொடங்குகிறார்கள். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் அப்பா பெயரையோ சாதிப் பட்டத்தையோ போட்டுவிட்டு மேலே போகிறார்கள். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறும் குடும்பத்தைப் பெயரை வைத்துத் துரத்தினால், மூன்றாம் தலைமுறையிலேயே ஆள் கைநழுவிவிடுவார். தமிழ்நாட்டு ஊர்க் குடும்பத்தைத் தேடுகிறவர் நிலத்தையும் ஊரையும் பங்காளிகளையும் கொள்வினை கொடுப்பினையையும் பிடித்துக்கொண்டு போகவேண்டும். பெயர் கூடவே வரும்.

ஏன் என்று பாருங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரு முத்தையாவுக்கு மூன்று மகன்கள் என்றால் மூவருமே தலைமகனுக்கு முத்தையா என்று வைத்திருப்பார்கள். ஒரே தெருவில், கிட்டத்தட்ட ஒரே வயதில், மூன்று முத்தையாக்கள். பெரிய முத்தையா, சின்ன முத்தையா, கிணத்தடி முத்தையா என்று ஊர் பிரித்துக் கூப்பிட்டிருக்கும். பத்திரத்தில் அது பெரும்பாலும் ஏறாது. முத்தையா மகன் கருப்பையா, அவர் மகன் முத்தையா, அவர் மகன் கருப்பையா என்று பெயர் மாறி மாறி வருவதால் இன்னொரு சிக்கல். 1897-இல் நிலம் வாங்கிய ‘முத்தையா குமாரர் கருப்பையா’வும் 1948-இல் அதை விற்ற ‘முத்தையா குமாரர் கருப்பையா’வும் ஒரே ஆள் என்று எழுதிவிடுவார்கள். விற்றவர் வாங்கியவரின் பேரனாக இருப்பார். தந்தை பெயர் பொருந்தியதும் நிறுத்திவிடாமல் மனைவி பெயர், நிலத்தின் நான்கெல்லை, சாட்சிக் கையெழுத்து ஆகியவற்றில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஆளை வம்சாவளி மரத்தில் ஏற்றுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போதும் இதே மாதிரி ஒரு பள்ளம் உண்டு. ‘அவர் எனக்குச் சித்தப்பா’ என்று ஒருவர் சொன்னால், அப்பாவுடன் கூடப்பிறந்த தம்பி என்று எழுதிக்கொள்கிறோம். நம்மில் அப்பாவின் பங்காளித் தம்பிகள் அத்தனை பேரும் சித்தப்பாதான். ‘கூடப்பிறந்தவரா, பெரியப்பா மகனா?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் சிக்கல் தீர்ந்தது. அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன்கள் நிறைந்த குடும்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரே பெண் அந்த வீட்டுக்குப் பேத்தியாகவும் மருமகளாகவும் வருவாள். கவனிக்காமல் இரண்டு பேராகப் பதிந்துவிடுவீர்கள்.

இன்னொன்று, தாத்தாவிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுவது. ஆண்கள் சொத்துத் தகராற்றை நினைவு வைத்திருப்பார்கள். யார் வீட்டுப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், எந்தப் பிள்ளை தங்கவில்லை என்பதெல்லாம் பாட்டிகளிடம்தான் இருக்கிறது. பேச்சோடு பேச்சாகப் பழைய மொய் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர்வாரியாக, வீட்டுவாரியாக உறவுகள் எழுதியிருக்கும் நோட்டு அது. ‘தாய்மாமன் சீர்’ என்று ஒரு வரி கிடைத்தால் பாட்டியின் பிறந்த ஊரும் கிடைத்துவிடும்.

அடுத்தது வருடக் கணக்கு. ஆட்கள் அதிகம் விழும் இடம் இதுதான். தமிழ் வருடப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது வருஷம் பிறந்தவர் என்று பாட்டி சொன்னால் அது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். பெரும்பஞ்சம் வந்தது முதல் தாதுவில்தான். ஜாதகம் கையில் இருந்தால் அதை வைத்தே தீர்க்கலாம் என்று பலருக்குத் தெரிவதில்லை. அறுபது வருடத்தில் குருவும் சனியும் ஏறத்தாழ பழைய இடத்துக்கே வந்துவிடுவதால் அவற்றைப் பார்த்துப் பயனில்லை. ராகு பதினெட்டரை வருடத்துக்கு ஒரு சுற்று வருகிறவர் என்பதால், அறுபது வருடம் கழித்து இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்பார். இரண்டு வருடங்களுக்கும் பழைய பஞ்சாங்கத்தையோ கணினி ஜாதகத்தையோ போட்டு, ராகு எதில் பொருந்துகிறார் என்று பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் தாராளமாகச் செய்யலாம், இது வெறும் வானக் கணக்கு.

வருவாய்த்துறைக் காகிதங்களில் பசலி என்ற நிலவரிக் கணக்கு ஆண்டு வரும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவதால், ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிகளுக்கு 591 கூட்ட வேண்டும். பசலி 1312 என்றால் 1902-03. இது தெரியாமல் 1312-ஐ அப்படியே கி.பி. என்று எடுத்துக்கொண்டால், டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரை வந்துபோன மறுவருடம் உங்கள் முப்பாட்டன் கிஸ்தி கட்டியதாக ஆகும். கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் அங்கே மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டு. அது ஆவணியையொட்டித் தொடங்கும். கொல்லம் 1098 என்பது 1922-23.

சரி, பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கத்தை மட்டும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பின்பக்கத்தில் முத்திரைத்தாள் விற்றவர் யாருக்கு, எந்தத் தேதியில் விற்றார் என்று எழுதியிருப்பார். சார்பதிவாளரின் குறிப்பும், அடையாளம் காட்டியவர்களின் பெயரும், கைநாட்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடையாளம் காட்ட வருகிறவர் பாதி நேரம் மைத்துனனோ பங்காளியோதான். தேதி கிழிந்துபோயிருந்தால் முத்திரையில் உள்ள தலையைப் பாருங்கள். ஏழாம் எட்வர்டு தலை இருந்தால் அது 1901-க்கு முன்னால் எழுதிய பத்திரமாக இருக்க முடியாது. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-க்கு முன்னால் முடியாது.

அப்புறம் எழுத்து. பழைய பத்திரத்தில் ‘௲௮௱௯௰௭௵ ஏப்ரல்௴ ௰௨௳’ என்று இருந்தால் அது 1897-ஆம் வருடம் ஏப்ரல் மாதம் 12-ஆம் நாள். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். தமிழ் எண்களில் ௧, ௨, ௭, ௮ நான்கும் க, உ, எ, அ என்ற எழுத்துகள் போலவே இருப்பதால் அவற்றை யாரோ ஒருவரின் முன்னெழுத்து என்று படித்துவிடுவது சகஜம். ௸ என்ற குறியைப் பலர் கிறுக்கல் என்று தாண்டிவிடுகிறார்கள். அது ‘மேற்படி’. ‘௸யார் குமாரர்’ என்று வந்தால் மேலே சொன்னவரின் மகன். அந்த ஒரு குறியைத் தவறவிட்டால் ஒரு தலைமுறையையே தவறவிட்டதாக ஆகும்.

இன்றைய பட்டாவை மட்டும் ஆதாரமாக வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவதும் தவறு. 1980களில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவு மேம்பாட்டுப் பணி நடந்தபோது பெயரும் தகப்பனார் பெயரும் மாறிப்போன கதை ஊருக்கு ஊர் உண்டு. அதற்கு முன் நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் மூலப்பத்திரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சர்வே எண்கள் மறுநில அளவையிலும் உட்பிரிவிலும் மாறியிருக்கும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று ஒப்பிட்டுக்கொள்ளாமல் வில்லங்கச் சான்றுக்கு மனுப்போட்டால் பணம்தான் போகும். 1975-க்கு முந்தைய ஆவணங்கள் பலவற்றை இணையத்தில் தேடிச் சலிப்பதைவிட சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனுப்போடுவது நல்லது.

எந்த அலுவலகம் என்பதும் ஒரு கேள்விதான். இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடாதீர்கள். திருவண்ணாமலைப் பக்கத்து ஊர் 1989 வரை வட ஆற்காடு. சிவகங்கையும் விருதுநகரும் 1985 வரை ராமநாதபுரத்தில். திருத்தணி 1960 வரை ஆந்திரத்துச் சித்தூரில். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது இந்தப் பழைய ஜில்லா, தாலுகா பெயர்கள் கையில் இருக்க வேண்டும். அங்கே போய் ‘எங்கள் தாத்தா பெயர் இது’ என்று ஆரம்பித்தால் ஒன்றும் நகராது; ஊர் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். உங்கள் முன்னோர் மானிய நிலம் வைத்திருந்தால் 1860களின் இனாம் பதிவேடுகள் பெரும் பொக்கிஷம். மானியம் முதலில் யாருக்குக் கிடைத்தது, அப்போது அனுபவித்தவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்று அதில் பதிந்திருப்பார்கள்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்ப வேண்டாம். கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடவைத்து, பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி வாத்தியார் போட்ட தேதிகள் அதில் ஏராளம். பிறப்புப் பதிவேட்டில் வேறு மாதிரிப் பிரச்சினை: பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவதால், பெயர் இடம் காலியாக, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். தகப்பனார் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

கடல் தாண்டிப் போனவர்களைத் தேடும்போது எந்த நாடு, எந்த முறை என்று முதலில் தெளிவாக வேண்டும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு. ஆளுக்கொரு எண், தகப்பனார் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் அதில் இருக்கும். அங்கே மூட்லி என்று இருப்பது முதலியார், கோவெண்டர் என்று இருப்பது கவுண்டர். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பிடித்துத் தொங்காமல் அந்த எண்ணைப் பிடியுங்கள். மொரிஷியஸ் போனவர்களின் ஆவணங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. இலங்கைத் தோட்டங்களுக்கு, ஆள் திரட்டிப்போகும் கங்காணியோடு போனவர்களுக்கு இந்தக் கப்பல் பட்டியலில் தேடிப் பயனில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பம் என்றால், வீட்டில் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை இருக்கிறதா என்று தேடுவதிலிருந்து தொடங்கலாம்.

மரபணுப் பரிசோதனை பற்றி ஒன்று. சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த சமூகங்களில், தூரத்து உறவும் கிட்டத்து உறவு போலக் காட்டும். பட்டியலில் ‘செகண்ட் கசின்’ (ஒரே கொள்ளுத்தாத்தா வழி உறவு) என்று வந்ததை நம்பிப் புதுச் சித்தப்பாவைக் கண்டுபிடித்துவிடாதீர்கள். சோழர் படைத்தளபதியின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று திருமண மலரில் அச்சடித்திருந்தால், படித்து மகிழ்ந்துவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள்.

கடைசியாக, தேடத் தேடச் சுவீகாரமும் இரண்டாம் தாரமும் நிச்சயம் தட்டுப்படும். ஒருவருக்கு இரண்டு ஆவணங்களில் இரண்டு தகப்பனார் பெயர் இருந்தால் எழுத்துப்பிழை என்று முடிவுகட்டும் முன் சுவீகாரமா என்று விசாரியுங்கள். செட்டியார் வீடுகளில் இது மிகச் சாதாரணம். தெரிந்ததையெல்லாம் உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டியதில்லை. சம்பந்தப்பட்டவரின் பிள்ளைகளிடம் முதலில் பேசுங்கள். செயலியில் ஏற்றும்போது உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மறைத்துவிடுங்கள். பத்திரப் படம் போடுவதானால் சர்வே எண்ணையும் மறைத்துவிடுங்கள். பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்தப் படத்தையே போட வேண்டாம்.