டீசல் லாரியை உடைக்கக் கொடுக்கும் முன்

டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் எனக்கு மூன்று லாரி. பழைய டீசல் வண்டிக்கு இங்கே கெடுபிடி. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிக்கு, எடையைப் பொறுத்து அதிகபட்சம் ரூ.9.6 லட்சம் மானியம். பழைய லாரியை உடைத்த சான்றிதழ் கட்டாயம். காயலான் கடைக்காரர் கூடுதல் விலை சொல்வார், சான்றிதழ் தரமாட்டார். அரசுப் பதிவு பெற்ற மையத்துக்கே போங்கள்.

அதற்கு முன் ஆர்.சி.யைப் புரட்டுங்கள். நான் கடன் அடைத்து நாலு வருடம். கடன் தீர்ந்தது என்று ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திடும் ஃபார்ம் 35-ஐக் கொடுக்காததால் அவர் பெயர் ஆர்.சி.யில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையெழுத்துக்கு மூன்று வாரம் அலைந்தேன்! நிலுவை அபராதத்தையும் கட்டிவிடுங்கள்.

அப்புறம், மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. வண்டி விலையிலேயே கழிப்பார்கள். பில்லில் அந்தத் தொகை தனியாகத் தெரிந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.