எக்ஸ்எம்எல் எழுத எடிட்டர் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எக்ஸ்எம்எல்லில் உரையின் பகுதிகளைக் குறிக்கக் கோணக்குறிக்குள் எழுதும் டேக்குகள் கலர் கலராகத் தெரிந்தாலே போதும், இந்த எடிட்டருக்கு எக்ஸ்எம்எல் தெரியும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். கோணக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தாலே வண்ணம் பூசிவிடலாம். திறந்த டேக்கை மூடியிருக்கிறோமா என்று பார்ப்பது அடுத்த படி. அதுவும் போதாது. நூல்களும் கையேடுகளும் எழுதப் பயன்படும் எக்ஸ்எம்எல் வடிவமான டாக்புக்கில், ஒரு பத்திக்குள் அத்தியாயத்தைச் செருகிப் பாருங்கள்: டேக்குகள் எல்லாம் ஒழுங்காக மூடியிருக்கும், ஆனால் ஆவணம் செல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஸ்கீமாவை, அதாவது எந்த டேக் எதற்குள் வரலாம் என்ற விதித்தொகுப்பை, படிக்கத் தெரிந்த எடிட்டர் வேண்டும்.

சரி, ‘ஸ்கீமா வசதி உண்டு’ என்று போட்டிருக்கிறார்களே? எந்த ஸ்கீமா என்று கேளுங்கள். ஸ்கீமா எழுத ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. டாக்புக்கின் 4-ஆம் பதிப்புக்கு டிடிடி. 5-ஆம் பதிப்புக்கு ரிலாக்ஸ் என்ஜி. இமேக்ஸ் எடிட்டரோடு வரும் என்எக்ஸ்எம்எல் மோடு, தட்டச்சு செய்யும்போதே தவறைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கு ரிலாக்ஸ் என்ஜியின் சுருக்க வடிவம்தான் புரியும். கையில் டிடிடி மட்டும் இருந்தால் டிராங் என்ற கருவியால் மாற்றிக்கொள்ள வேண்டும். விஷுவல் ஸ்டுடியோ கோடு எடிட்டரிலும் சரிபார்க்க வேண்டுமென்றால், ரெட் ஹேட்டின் எக்ஸ்எம்எல் எக்ஸ்டென்ஷன் போன்ற ஒன்றைத் தனியாக நிறுவ வேண்டும்.

வேர்டு பிராசசரில் எழுதிப் பிறகு ஒட்டலாம் என்ற யோசனையே வேண்டாம். அது நேர் மேற்கோளை வளைத்துவிடும். டேக்குக்குள் வளைந்த மேற்கோள் வந்தால், எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரலான பார்சர் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், கோப்பை மொத்தமாக அழகாக அடுக்கித் தரும் ஃபார்மட் வசதி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வாக்கியத்துக்கு நடுவே ஒட்டி நிற்கும் இரண்டு டேக்குகளை அது தனித்தனி வரியில் போட்டால், நீங்கள் போடாத இடைவெளி அச்சில் முளைக்கும். நிரல் துண்டுகளின் உள்தள்ளலும் கலையலாம். மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) மென்பொருளில் கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: ஒரு சொல்லைத் திருத்தினாலும் கோப்பு முழுக்க மாறியதாகக் காட்டும். அதனால் எந்த எடிட்டரை எடுத்தாலும், ஒரு பழைய கோப்பைத் திறந்து ஒரே ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்துவிட்டு, எந்தெந்த வரிகள் மாறின என்று காட்டும் டிஃப்பைப் பாருங்கள். ஒரு வரிக்கு மேல் மாறியிருந்தால், தானாக அடுக்கும் வசதியை அணையுங்கள். அணைக்க வழியில்லையா, அந்த எடிட்டரே வேண்டாம்.

சரிபார்ப்புக்காக மட்டும் விலை உயர்ந்த எடிட்டரை வாங்க வேண்டியதில்லை. எக்ஸ்எம்எல்லின்ட் (xmllint) என்ற கருவி இலவசம்; டிடிடி, ரிலாக்ஸ் என்ஜி இரண்டையும் கமாண்ட் லைனிலேயே சோதித்து, எந்த வரியில் தவறு என்று சொல்லிவிடும்.