மலைக்குப் பை வாங்கும்போது இடுப்பைப் பாருங்கள்

ஆச்சி ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வரும்போது குடம் எங்கே இருக்கும்? இடுப்பு எலும்பின் மேல் குடத்தின் வயிறு உட்கார்ந்திருக்கும், கை அதன் கழுத்தைச் சுற்றியிருக்கும், அந்தப் பாரத்தோடு படித்துறை ஏறி, வழியில் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டு வீட்டுக்கு வருவாள். விறகுக்கட்டு என்றால் தலையில் சும்மாடு, அதன் மேல் கட்டு. தோளில் எதையும் தொங்கவிட்டு அவள் நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு ராத்திரியோ இரண்டு ராத்திரியோ மலையில் தங்கி நடக்கப் பை வாங்கப் போகிற பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பாரத்தை இடுப்பு எலும்பு வாங்க வேண்டும், தோளுக்கு வேலை பையை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். எந்தப் பை உங்கள் இடுப்பில் சரியாக உட்காருகிறதோ அதுதான் உங்கள் பை. நிறம், கம்பெனி, எத்தனை அறை என்பதெல்லாம் அப்புறம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அகத்தியர் மலைக்கு, அதாவது நம் பொதிகைக்கு, ஏறுகிற பாதை கேரளத்தில் போணக்காட்டிலிருந்து போகிறது. 1868 மீட்டர் உயரம். 2019 ஜனவரியில்தான் பெண்களையும் விட ஆரம்பித்தார்கள். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவளுக்கு அந்த ஆறு பிறக்கிற மலையை ஏறிப் பார்க்காமல் இருக்க முடியுமா? அனுமதி கிடைத்ததும் அண்ணனுடைய 60 லிட்டர் கொள்ளளவுள்ள பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அண்ணன் ஆறடி ஆள். அவன் இடுப்பில் நிற்கிற அந்தப் பையின் பெல்ட் எனக்கு இடுப்புக்குக் கீழே இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் தொடையில் இடித்தது, வாரைக் கடைசி வரை இழுத்தும் இறுகவில்லை, முழு எடையும் தோளுக்கு வந்துவிட்டது. அதிருமலை முகாமுக்குப் போய்ச் சேருவதற்குள் விரல்கள் மரத்துப்போய், தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்தில் இருந்த அக்காவிடம் நீட்டினேன். அவர் திறந்து கொடுத்துவிட்டு என் பை வாரில் கை வைத்துப் பார்த்தார். "ஏட்டி, இது உனக்குள்ள பை இல்லையே, யாருது?" என்று கேட்டார்.

ஊருக்கு வந்ததும் தையல் டேப்பை எடுத்து முதுகை அளந்தோம். நீங்களும் கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள், உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் மேல் புள்ளி. அடுத்து இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, கட்டைவிரல்கள் பின்பக்கம் வருகிற மாதிரி வையுங்கள், கைக்கு அடியில் இடுப்பு எலும்பின் விளிம்பு தட்டுப்படும். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து முதுகெலும்பின் குறுக்கே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டால் அதுதான் கீழ்ப் புள்ளி. இரண்டுக்கும் நடுவில் முதுகின் வளைவோடு ஒட்டி டேப்பைப் பிடித்தால் வருவதுதான் உங்கள் முதுகு நீளம். எனக்கு 39 சென்டிமீட்டர். என்னைவிட நான்கு அங்குலம் உயரமான என் மதினிக்கு 40தான் வந்தது, அவர்களுடைய உயரமெல்லாம் காலில். அதனால் "நான் உயரம், எனக்குப் பெரிய பை" என்ற கணக்கு செல்லாது. நல்ல கம்பெனிப் பைகளில் எத்தனை சென்டிமீட்டர் முதுகுக்கு எந்த அளவு என்று அட்டவணையே கொடுத்திருப்பார்கள். சிலவற்றில் தோள் வாரை மேலேயும் கீழேயும் நகர்த்தி ஒட்டிக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே பையை மாற்றி மாற்றி எடுத்துப் போவதாக இருந்தால் அப்படிப்பட்டதைத்தான் வாங்க வேண்டும்.

பெண்களுக்கு என்று தைக்கிற பைகளில் உண்மையான வித்தியாசம் மூன்று. முதுகு நீளம் குறைவு. தோள் வார்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தொடங்கி, மார்பை அழுத்தாமல் வெளிப்பக்கமாக வளைந்து அக்குளை நோக்கி இறங்கும். இடுப்பு பெல்ட் நேர்ப்பட்டையாக இல்லாமல் நம் இடுப்பின் சரிவுக்கு ஏற்றபடி சாய்வாக இருக்கும். டியூட்டர் கம்பெனிப் பைகளில் எஸ்.எல் என்று போட்டிருந்தால் பெண்களுக்கானது, ஆஸ்ப்ரே கம்பெனியில் ஆண்களுக்கு டேலன் என்றால் அதற்கு இணையான பெண்கள் பைக்கு டெம்பெஸ்ட் என்று பெயர், டெக்கத்லானிலும் தனியாக உண்டு. ஆனால் சில பைகளில் நிறம் மட்டும் ஊதாவாக மாறியிருக்கும், மற்றதெல்லாம் அப்படியே ஆண்கள் பைதான். முதுகு நீளமான, தோள் அகலமான பெண்ணுக்கு ஆண்கள் பை கச்சிதமாகப் பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

எத்தனை லிட்டர்? ஒரு ராத்திரிக்கு 30 முதல் 40, இரண்டு ராத்திரிக்கு 40 முதல் 50. நம் பக்கத்து மலைகளுக்குப் போகிறவர்களுக்கு நான் 40 போதும் என்பேன். இங்கே காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க விடமாட்டார்கள், வனத்துறை காட்டுகிற இடத்தில்தான் தங்கல், அதனால் கூடாரத்தின் எடை பெரும்பாலும் இல்லை. பெரிய பை வாங்கினால் இடம் இருக்கிறதே என்று எதையாவது திணித்துக்கொண்டே இருப்போம். தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்து உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 55 கிலோ இருக்கிறவர் 11 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, அதில் இரண்டு லிட்டர் தண்ணீரே 2 கிலோ. வெறும் பையே 2 கிலோவைத் தாண்டினால் நான் எடுக்க மாட்டேன். ட்ரெக் தமிழ்நாடு என்று 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கியதே, குற்றாலம் செண்பகாதேவி அருவிப் பாதைகூட அதில் உண்டு, அந்த நடைகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் முடிந்துவிடும். அதற்கு மட்டும் என்றால் 20 லிட்டர் பை போதும், இவ்வளவு யோசிக்கவே வேண்டாம்.

இனி பெல்ட்டுக்கு வருவோம், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். கல்லூரிப் பையிலும் இடுப்பில் ஒரு நாடா தொங்கும், அது பை ஆடாமல் இருக்கத்தான், பாரம் தாங்காது. பாரம் தாங்குகிற பெல்ட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சு இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள், இரண்டு விரலும் ஒன்றையொன்று உணர்கிற அளவுக்கு அமுங்கினால் வேண்டாம், நாலாவது நடையில் அப்பளமாகிவிடும். விட்டதும் உடனே மேலே எழும்ப வேண்டும். பெல்ட்டைக் கட்டி இறுக்கின பிறகு முன்பக்கம் இரண்டு பஞ்சு முனைகளுக்கும் நடுவில் நாலு விரல் இடமாவது மிச்சம் இருக்கட்டும், முட்டிக்கொண்டு நின்றால் பெல்ட் உங்களுக்குப் பெரிது, வேர்த்து ஆடை தளர்ந்ததும் இன்னும் இறுக்க வழியிருக்காது. அப்புறம் பைக்குள் கையை விட்டு முதுகுப் பக்கம் தடவுங்கள். கம்பியோ கெட்டியான தகடோ தட்டுப்பட வேண்டும், மேலே இருக்கிற பாரத்தை இடுப்புக்கு இறக்குவது அதுதான்.

முதுகுப் பக்கம் வலை இழுத்துக் கட்டிய பைகள் வருகின்றன, முதுகுக்கும் பைக்கும் நடுவில் காற்று போகும். அதில் பாரம் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கும், உள்ளே இடமும் சற்றுக் குறையும், அது உண்மை. இருந்தாலும் பாபநாசத்து வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தவர்களுக்குச் சட்டை முதுகோடு ஒட்டுவது என்னவென்று தெரியும், நான் வலை வைத்த பைதான் எடுப்பேன்.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். வெறும் பை எல்லாருக்கும் பொருந்தும். வீட்டிலிருந்தே 5 கிலோ அரிசிப் பையும் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டும் கொண்டு போங்கள், மொத்தம் 7 கிலோ. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஒரு கடையில் என்னிடம் "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் மேடம்" என்று சொன்னார்கள், அங்கே நான் வாங்கவில்லை. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்பு பெல்ட், அதன் அகலத்தின் நடுப்பகுதி இடுப்பு எலும்பின் விளிம்பில் வருகிற மாதிரி வைத்து இறுக்குங்கள். அதன் பிறகுதான் தோள் வார், முதுகோடு ஒட்டினால் போதும், இறுக்க வேண்டாம். தோளின் மேல் பக்கத்திலிருந்து பையின் உச்சிக்குப் போகிற சின்ன வாரைக் கொஞ்சம் இழுங்கள், அது சாய்வாக ஏறிப் போக வேண்டும், கீழ்நோக்கிப் போனால் பை உங்களுக்குச் சின்னது. கடைசியில் நெஞ்சு வார். இப்போது தோள் வாருக்கும் தோளின் உச்சிக்கும் நடுவில் ஒரு விரல் சுலபமாக நுழைகிறதா? நுழைந்தால் இடுப்பு பாரத்தை வாங்கிவிட்டது. அப்படியே இருபது நிமிடம் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்து பாருங்கள், பை தலையில் வந்து இடிக்கக் கூடாது.

பெண்களுக்கே உரிய சில விஷயங்களைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நெஞ்சு வாரை மேலேயும் கீழேயும் நகர்த்த முடிய வேண்டும், மார்புக்கு மேலே, காறை எலும்புக்குக் கீழே அது நிற்கணும். சுடிதார் பேண்ட்டின் நாடா முடிச்சு பெல்ட்டுக்கு அடியில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து கன்றிவிடும், அதனால் எலாஸ்டிக் வைத்த பேண்ட் போட்டுக்கொண்டு போய்ப் பையைப் பாருங்கள், மலைக்கும் அதையே போடுங்கள். தாலிச் செயின் தோள் வாருக்கு அடியில் போகாதபடி உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். நீளமான சடை இருந்தால் பையின் மேல் மூடிக்கும் முதுகுக்கும் நடுவில் சிக்கி இழுக்கும், கொண்டை போட்டால் பையின் உச்சியில் இடிக்கும், தாழப் பின்னி முன்பக்கம் விட்டுக்கொள்வதுதான் எனக்கு ஒத்துவருகிறது. மாதவிடாய் நாளாக இருந்தால் புதிய நாப்கினும் உபயோகித்ததும் தனித்தனிச் சின்னப் பைகளில் இருக்க வேண்டும், காட்டில் எதையும் போட்டுவிட்டு வரக் கூடாது. உபயோகித்ததை வைக்க வெளிப்பக்கம் ஜிப் போட்ட ஒரு அறை இருந்தால் மனதுக்கு நிம்மதி. பெல்ட்டிலேயே ஒரு சின்ன ஜிப் அறை இருக்கிற பையைப் பாருங்கள், மாத்திரை, கடலைமிட்டாய், பணம் எடுக்கப் பையைக் கழற்ற வேண்டாம்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகும்போது செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்ப்பார்கள். மேலே மட்டும் வாய் உள்ள பை என்றால் அடியில் இருக்கிற துணி வரை எல்லார் முன்னாலும் வெளியே வரும். முன்பக்கமோ பக்கவாட்டிலோ நீளமாக ஜிப் திறக்கிற பை அங்கே பெரிய உதவி. குரங்குகள் இன்னொரு பக்கம். சொரிமுத்து அய்யனார் கோயிலிலும் நம்பி மலையிலும் பையின் பக்கவாட்டு வலைப் பாக்கெட்டில் தின்பண்டம் வைத்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும், அங்கே தண்ணீர் பாட்டில் மட்டும்தான்.

மழை உறை பையோடு சேர்ந்து வந்தால் நல்லது, இல்லாவிட்டால் தனியாக வாங்குங்கள். ஆனால் அதை நம்பித் துணியை வைக்காதீர்கள். மாஞ்சோலையில் பெய்கிற மழை உறைக்கும் முதுகுக்கும் நடுவில் வழிந்து உள்ளே இறங்கும், துணியையும் படுத்துத் தூங்குவதற்கான ஸ்லீப்பிங் பேக்கையும் வாய் சுருட்டி மூடுகிற நீர்புகாப் பையில் போட்டு உள்ளே வையுங்கள்.

வந்த அன்றே எல்லா ஜிப்பையும் திறந்து, உதறி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட வேண்டாம், உள்பூச்சு உரிந்துவிடும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஈரத்தோடு பரணில் போட்டால் பூஞ்சை பிடித்து நாறும். மழைக்காலத்தில் போய் வந்திருந்தால் பெல்ட்டின் மடிப்பையும் வார்களின் அடியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் எடுத்து வாருங்கள், அட்டை அங்கேதான் ஒட்டிக்கொண்டு இருக்கும்.