பழைய ஹைப்ரிட் கார்: வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து வயதைத் தாண்டிய ஹைப்ரிட் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் "பெரிய பேட்டரி போய்விட்டது" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. பணத்தை அதிகம் கரைக்கும் தவறும் அதுவே. சோர்ந்துபோன 12 வோல்ட் பேட்டரி, தூசி அடைத்த விசிறி, நின்றுபோன சின்ன கூலன்ட் பம்ப் என்று எது பழுதானாலும் திரையில் தெரிவது பெரும்பாலும் அதே சிவப்பு முக்கோணம்தான். விலை குறைந்ததைச் சோதித்துவிட்டு விலை கூடியதற்குப் போகிறவருக்குப் பாதிச் செலவு மிச்சம்.

இங்கே தரும் எண்களும் அளவுகளும் டொயோட்டா ப்ரியஸின் இரண்டாம் தலைமுறை (2004–2009), மூன்றாம் தலைமுறை (2010–2015) கார்களுக்கானவை. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் முறை பொருந்தும். எண்களை மட்டும் அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் இல்லையென்றால் அணைந்துவிட்டது என்று நினைப்பது

டேஷ்போர்டில் கார் கிளம்பத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரிகிற வரை கார் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் கணக்கு. இன்ஜின் அமைதியாக இருக்கும். ஆனால் பேட்டரி சார்ஜ் குறைந்தாலோ, இன்ஜின் குளிர்ந்தாலோ, யாரும் தொடாமலே அது தானாகக் கிளம்பும். அந்த நேரத்தில் பெல்ட் பக்கமோ விசிறிப் பக்கமோ கை இருந்தால் விரல் போகும். மூடிய கொட்டகையில் ரெடி நிலையில் விட்டுவிட்டு உள்ளே போனால் கார்பன் மோனாக்சைடு நிறைந்துவிடும். போனட்டைத் திறக்கும் முன் பவர் பொத்தானை அழுத்தி அணையுங்கள், டேஷ்போர்டு முழுவதும் இருண்டதா என்று பாருங்கள், ஸ்மார்ட் சாவியைக் காரிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி வையுங்கள். சாவி சட்டைப் பையில் இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை.

12 வோல்ட் பேட்டரியை மறப்பது

ஹைப்ரிட்டில் இன்ஜினைச் சுழற்றுவது 12 வோல்ட் பேட்டரி அல்ல. உயர் மின்னழுத்த (பெரிய) பேட்டரியின் சக்தியில் ஜெனரேட்டர் மோட்டாரே அதைச் செய்கிறது. சின்ன பேட்டரியின் வேலை கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் ரிலேக்களை மூடுவதும் மட்டுமே. அதனால் சாதாரண காரில் கேட்கும் "கர்ர்" என்ற சோர்ந்த ஸ்டார்ட் சத்தம் இதில் கேட்காது. பிரேக் விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு, ஹைப்ரிட் விளக்கு எல்லாம் ஒன்றாக எரியும், ரெடி மட்டும் வராது. பார்ப்பவருக்குக் கார் முழுவதுமே கெட்டுப்போனதாகத் தோன்றும்.

மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் வந்தால் நல்லது. 12.0 அல்லது அதற்கும் கீழே என்றால் மற்ற எதையும் தொடாமல் முதலில் இதைச் சார்ஜ் செய்து மீண்டும் பாருங்கள். ரெடி நிலையில் ஏறக்குறைய 14 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் பழுது பேட்டரியில் இல்லை, சார்ஜ் தரும் பாதையில் இருக்கிறது.

மாற்றும்போது நடக்கும் தவறு வேறு. ப்ரியஸில் இந்த பேட்டரி டிக்கியின் வலது மூலையில், பயணிகள் இருக்கும் அதே காற்றறையில் இருக்கிறது. அதனால்தான் ஏஜிஎம் (அமிலம் தளும்பாமல் மூடப்பட்ட) வகையும், வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாயும் வைத்திருக்கிறார்கள். முனை பொருந்துகிறதே என்று சாதாரண பேட்டரியை உட்கார வைத்தாலோ, குழாயை மாட்டாமல் விட்டாலோ, சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காருக்குள்ளேயே தங்கும்.

இன்னொன்று: டிக்கிக் கதவின் பூட்டு மின்சாரத்தில் இயங்குகிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகு கதவை அறைந்து சாத்திவிட்டால் வெளியிலிருந்து திறக்க வழியில்லை. பின் இருக்கையை மடித்து உள்ளே தவழ்ந்து போய், கதவின் உட்புறச் சிறு மூடிக்குப் பின்னால் இருக்கும் நெம்புகோலைத் தள்ள வேண்டியிருக்கும். வேலை முடியும் வரை பூட்டின் மேல் ஒரு துணியைச் சுற்றி வையுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கும்போது சிவப்பு கேபிளைப் போனட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் நேர்முனையிலும், கறுப்பு கேபிளைப் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் மாட்டுங்கள். ஒரு நொடி தலைகீழாக மாட்டினாலும் முதன்மை ஃபியூஸ் போகும். சில நேரம், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் சேர்ந்து போகும். உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து இன்னொரு காருக்கு ஜம்ப் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் காரின் ஸ்டார்ட்டர் இழுக்கும் ஆம்பியரைக் கொடுப்பதற்காக இந்தச் சின்ன பேட்டரி செய்யப்படவில்லை.

விசிறியை மறந்து பேட்டரியை மாற்றுவது

உயர் மின்னழுத்த பேட்டரி பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கையின் பக்கவாட்டில் உள்ள துளை வழியாக, நாம் உட்காரும் இடத்திலிருந்தே போகிறது. இந்த இரண்டு தலைமுறையிலும் அந்தத் துளையில் வடிகட்டி கிடையாது. நாய் முடி, துணிப் பஞ்சு, மண் எல்லாம் விசிறியின் மெல்லிய இதழ்களுக்கு இடையில் போய்ச் சாம்பல் நிறத் தகடு போலப் படிந்துவிடும். விசிறி சுழலும், சத்தமும் கேட்கும், காற்று மட்டும் போகாது. சூடேறும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் சீக்கிரம் கிழடாகிவிடும். தூசி அடைத்த விசிறியை அப்படியே விட்டுவிட்டுப் புது பேட்டரி போட்டால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

சுத்தம் செய்யும்போது பலர் கம்ப்ரசர் காற்றைத் துளை வழியாக உள்ளே அடிக்கிறார்கள். தூசி அத்தனையும் செல்களின் இடுக்குக்குள் போய் அடையும். விசிறியை வெளியே எடுத்து, மென்மையான பிரஷால் ஒவ்வொரு இதழாகத் தேய்த்து, வாக்குவம் கிளீனரால் இழுக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை போதும். செல்லப் பிராணிகள் ஏறும் கார் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்தத் துளையின் மேல் பையையோ போர்வையையோ போடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

பழுதுக் குறியீட்டைப் படித்ததும் பாகத்தை வாங்குவது

ஸ்கேனரில் பி0ஏ80 (P0A80) என்ற பழுதுக் குறியீடு வந்தால் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும், உண்மை. ஆனால் பி0ஏ93 என்றால் அது இன்வெர்ட்டர் குளிர்ச்சி பற்றியது; அங்கே பேட்டரி மாற்றுவது வீண். பேட்டரிக் குறியீடு வந்தாலும் ஒருமுறை நேரடி அளவுகளைப் பாருங்கள். இந்த பேட்டரியில் 7.2 வோல்ட் கொண்ட 28 மாட்யூல்கள் (செல் கட்டுகள்), மொத்தம் 201.6 வோல்ட். கார் இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக அளக்கிறது. காரின் கம்ப்யூட்டரிலிருந்து ஹைப்ரிட் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஆப் இருந்தால் பதினான்கும் ஒரே திரையில் தெரியும்.

நின்ற நிலையில் மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்வது தவறு. சோர்ந்த மாட்யூல் சுமை வரும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஆளில்லாத சாலையில் ஒருவர் காரை ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும். வேகமாக முடுக்கும்போது ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் அதுதான் நோயாளி. நின்ற நிலையிலேயே ஒன்று 1.2 வோல்ட் குறைவாக இருந்தால், உள்ளே ஒரு செல் செத்துவிட்டது என்று பொருள்.

அந்த ஒரு மாட்யூலை மட்டும் மாற்றும் வைத்தியம் பரவலாக நடக்கிறது. நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. மீதி 27-ம் அதே வயதுதான். புதிதாக வந்ததன் கொள்ளளவு மற்றவற்றோடு ஒத்துப்போகாது. சில மாதத்தில் அடுத்தது விழும். செய்தே ஆக வேண்டும் என்றால் எல்லா மாட்யூல்களையும் தனித்தனியே சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்து கொள்ளளவை அளந்து பொருத்த வேண்டும். அப்படிச் சார்ஜ் செய்யும்போது மாட்யூல்களை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் உப்பிவிடும். இணைப்புத் தகடுகளின் நட்டுகளுக்கு 5.4 நியூட்டன் மீட்டர் மட்டுமே. கைக்கணக்கில் இறுக்கினால் முனை பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும்.

ஆரஞ்சு பிளக்கை உருவியதும் பயம் போய்விடுவது

ஆரஞ்சு நிறக் கேபிள் எதுவானாலும் உயிரைப் பறிக்கும் மின்சாரம் இருப்பதாகவே எண்ண வேண்டும். இந்தக் கார்களில் பேட்டரியின் 201.6 வோல்ட்டை இன்வெர்ட்டர் 500-க்கும் (மூன்றாம் தலைமுறையில் 650-க்கும்) உயர்த்துகிறது. அந்தக் கேபிள்கள் பக்கம் வேலை என்றால் வரிசை இதுதான்: காரை அணை, சாவியைத் தள்ளி வை, 12 வோல்ட் எதிர்முனையைக் கழற்று, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையைக் காற்று ஊதி ஓட்டை பார்த்துப் போட்டுக்கொள், பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவிப் பையில் வைத்துக்கொள், பத்து நிமிடம் காத்திரு. இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர் வடிய அந்த நேரம் வேண்டும். பிறகும் மீட்டரால் அளந்து, சுழி வருகிறதா என்று பார்த்தபின் தொட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பேட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் அப்படியே இருக்கும். பிளக் செய்வது இணைப்பை நடுவில் வெட்டுவது மட்டுமே. இரண்டு பக்கத்திலும் ஆபத்தான மின்னழுத்தம் உயிரோடு இருக்கும். உயர் மின்னழுத்தத்தில் பயிற்சி இல்லாதவர்கள் அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

திரும்ப மாட்டும்போது வரும் பிரச்சினை சின்னது, ஆனால் பலரை அலைய வைக்கிறது. இரண்டாம் தலைமுறையில் பிளக்கின் கைப்பிடியைச் செருகி, மேலே திருப்பி, பிறகு கீழே தள்ளிப் பூட்ட வேண்டும். கடைசித் தள்ளலை விட்டுவிட்டால் இன்டர்லாக் என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் மூடாது, ரெடி வராது. வேலையில் எதையோ கெடுத்துவிட்டோம் என்று எல்லாவற்றையும் மறுபடி பிரிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இரண்டு கூலன்ட்டையும் ஒன்றாக எண்ணுவது

இன்ஜினுக்கு ஒரு கூலன்ட் சுற்று, இன்வெர்ட்டருக்குத் தனிச் சுற்று; டப்பாக்களும் இரண்டு. இரண்டாம் தலைமுறையில் இன்வெர்ட்டர் பம்ப் நின்றுபோவது நன்கு அறியப்பட்ட பழுது. சோதனை ஒரு நிமிட வேலை: ரெடி நிலையில் இன்வெர்ட்டர் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். திரவம் கலங்கிச் சுழன்றால் பம்ப் ஓடுகிறது. குளத்து நீர் போல அசையாமல் இருந்தால் பம்ப் நின்றிருக்கலாம், அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கலாம். இன்ஜின் டப்பாவை மட்டும் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

இளஞ்சிவப்பு நிற டொயோட்டா கூலன்ட் ஏற்கெனவே தண்ணீர் கலந்து வருவது. அதில் மேலும் தண்ணீர் விடக் கூடாது, குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. மூன்றாம் தலைமுறையில் கசிவு வெளியே தெரியாமல் இன்ஜின் கூலன்ட் மெல்லக் குறைந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் கடகடவென்று குலுங்கினால், இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். இன்ஜின் மவுண்ட், ஸ்பார்க் பிளக் என்று மாற்றிக்கொண்டே போவது காலதாமதம். கசிவை அடைக்கும் மருந்தை ஊற்றுவது அதைவிட மோசம். அது ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். இன்ஜினுக்கே திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலரைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்வது இந்த இன்ஜினில் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டிய வேலை.

எண்ணெயில் அளவுப் பிழை

நான்கு லிட்டர் டின்னை அப்படியே கவிழ்ப்பது வழக்கம். ஃபில்டரோடு சேர்த்து இரண்டாம் தலைமுறைக்கு 3.7 லிட்டர், மூன்றாம் தலைமுறைக்கு 4.2 லிட்டர். முந்தையதில் கூடிவிடும், பிந்தையதில் குறைந்துவிடும். டேஷ்போர்டில் எரியும் எண்ணெய் விளக்கு அழுத்தத்தைக் காட்டுவது, அளவை அல்ல. அது எரியும்போது ஏற்கெனவே தாமதம். வயதான இன்ஜின் எண்ணெய் குடிக்கும் என்பதால் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

மோட்டார்களும் கியர்களும் உள்ள டிரான்ஸ்ஆக்ஸிலுக்கு ஏடிஎஃப் டபிள்யூஎஸ் (ATF WS) என்ற எண்ணெய் மட்டுமே. சிவிடி எண்ணெய் வேண்டாம். வடிக்கும் போல்ட்டுக்கு முன் ஊற்றும் போல்ட்டைத் திறக்க வேண்டும். வடித்துவிட்ட பிறகு ஊற்றும் போல்ட் இறுகி வரவில்லை என்றால் கார் அங்கேயே நிற்கும். சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையிலிருந்து வழியும் வரை ஊற்றி, புது வாஷரோடு 39 நியூட்டன் மீட்டரில் மூடுங்கள்.

பிரேக்

டிரைவர் கதவைத் திறந்ததுமே பிரேக் பம்ப் விழித்து அழுத்தம் ஏற்றும். பேடைக் கழற்றிக் காலிப்பருக்குள் விரலை வைத்திருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 12 வோல்ட் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். பம்ப் அழுத்தம் ஏற்றியிருக்கும்போது டப்பாவில் திரவம் கீழே தெரியும். அதைப் பார்த்து மேல்கோடு வரை நிரப்பினால், அழுத்தம் இறங்கும்போது வழிந்து பெயின்ட்டை அரிக்கும். ஸ்கேனர் இல்லாமல் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்க முயலாதீர்கள். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேடுகள் அதிகம் தேயாது, ஆனால் காலிப்பர் நகர உதவும் சறுக்கு முள்கள் துருப்பிடித்து இறுகும். பேடின் தடிமன் நன்றாக இருக்கிறதே என்று மூடிவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை முள்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவுங்கள்.

ஏசி

ஏசி கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதன் எண்ணெய் என்டி-11 என்ற மின்கடத்தா எஸ்டர் வகை. சாதாரண கார்களுக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் கெட்டு, பி0ஏஏ6 என்ற குறியீடு வந்து, கம்ப்ரசரோடு குழாய்களையும் மாற்ற வேண்டிவரும். எண்ணெய் கலந்து வரும் கேஸ் டின்களை வாங்காதீர்கள். கேஸ் நிரப்பக் கடைக்குப் போனால், அவர்களின் இயந்திரத்தில் முந்தைய காரின் பிஏஜி எண்ணெய் மிச்சமிருக்கிறதா, ஹைப்ரிட்டுக்குத் தனிக் குழாய் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு விடுங்கள்.