மின்னஞ்சலைக் கோப்பாகச் சேமிக்கும்போது பழைய தேதி மாறாமலிருக்க

பல ஆண்டு மின்னஞ்சல்களை ஒரே நாளில் கணினியில் இறக்கிவிட்டு ஃபோல்டரைத் திறந்தால், எல்லாவற்றுக்கும் இன்றைய தேதியே தெரியும். பழைய தேதி எங்கும் போய்விடவில்லை. மின்னஞ்சலின் தலைப்பகுதியில் 'டேட்' என்றொரு வரி உண்டு. அனுப்பியபோதே எழுதப்பட்ட அது கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. ஃபோல்டரில் நாம் பார்ப்பது அந்தக் கோப்பு வட்டில் எழுதப்பட்ட நேரம். இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் வேலை.

முதலில் வடிவம். மின்னஞ்சலை அப்படியே முழுதாக வைக்கும் இஎம்எல் (.eml) கோப்பாகவே சேமியுங்கள். தலைப்பகுதி, இணைப்புகள் எல்லாம் முழுதாக வரும். பிடிஎஃப் ஆக அச்சிட்டால் படிக்கலாம், ஆனால் தலைப்பகுதியின் பெரும்பகுதி போய்விடும். பின்னாளில் ஆதாரமாகக் காட்ட வேண்டியிருந்தால் அது உதவாது.

ஒன்றிரண்டு மின்னஞ்சல்தான் என்றால், ஜிமெயிலில் அதைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் பதிவிறக்கும் தெரிவை அழுத்தினால் போதும். பிறகு பெயரை மட்டும் '2023-04-07 1530 ஒப்பந்தம்' என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் மாற்றுங்கள். நாள் எண்ணை முதலில் போட்டால் அகரவரிசை குழம்பிவிடும். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி வேண்டாம், விண்டோஸ் ஏற்காது. கோப்பின் தேதி எப்போது மாறினாலும் பெயரில் உள்ள தேதி மாறாது. அதனால் வேறு எதைச் செய்தாலும் இதை விடாதீர்கள்.

மொத்தமாக எடுக்க தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் நல்லது. அதில் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற துணைநிரலை நிறுவுங்கள். ஏற்றுமதி தொடங்கும் முன் அதன் அமைப்புகளில் இரண்டு இடங்களைச் சரிசெய்ய வேண்டும்: கோப்புப் பெயரில் தேதி முதலில் வரட்டும், கோப்பின் நேரத்தை மின்னஞ்சலின் நேரமாக வைக்கும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்து எல்லாவற்றையும் இஎம்எல் வடிவில் ஏற்றுமதி செய்யலாம். முதலில் பத்து மின்னஞ்சல் உள்ள சிறு ஃபோல்டரில் சோதித்துப் பாருங்கள். ஃபோல்டரில் பார்க்க வேண்டியது 'மாற்றிய தேதி' நெடுவரிசை. 'உருவாக்கிய தேதி' இன்றையதாகவே இருக்கலாம், அது பிழையல்ல.

ஏற்கெனவே இறக்கி வைத்த கோப்புகளுக்குப் பைத்தான் நிரல்மொழியில் சிறு நிரல் போதும்: ஒவ்வொரு கோப்பிலும் டேட் வரியைப் படித்து, அந்த நேரத்தை கோப்பின் நேரத்தை மாற்றும் ஓஎஸ்.யூடைம் (os.utime) கட்டளை மூலம் கோப்புக்குக் கொடுக்க வேண்டும். இங்கே பலரும் தவறுவது நேர மண்டலத்தில். டேட் வரி '7 ஏப்ரல் 2023 23:40:12 -0500' என்றிருந்தால், உலகப் பொது நேரப்படி அது 8 ஏப்ரல் 04:40. கடைசியிலுள்ள '-0500' என்ற நேர வித்தியாசத்தை நிரல் புறக்கணித்தால் நாளே மாறிவிடும். வரைவுகளில் டேட் வரி இல்லாமல் போகலாம். குப்பை அஞ்சல்களில் பொய்யாக இருக்கலாம். அனுப்பியவரின் கணினிக் கடிகாரம் தவறென்று தோன்றினால் 'ரிசீவ்டு' வரிகளில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ளதைப் பாருங்கள். உங்கள் பக்கத்து சர்வர் பெற்ற நேரம் அது.

தலைப்பகுதியைப் பார்க்க நோட்பேடில் திறக்கலாம், ஆனால் அங்கிருந்து சேமித்துவிடாதீர்கள். மாற்றிய தேதி இன்றைக்கு வந்துவிடும். ஓரிடத்தில் எழுத்து மாறினாலும், வரும் வழியில் உள்ளடக்கம் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பம் செல்லாமல் போகலாம்.

தேதியைச் சரிசெய்த பின் நகலெடுப்பதிலும் கவனம் வேண்டும். விண்டோஸில் சாதாரணமாக நகலெடுத்தால் மாற்றிய தேதி தங்கும். லினக்ஸ் முனையத்தில் நகலெடுக்கும் சிபி (cp) கட்டளையோடு '-பி' (-p) சேர்க்காவிட்டால் தங்காது. அந்தத் தெரிவை ஆங்கிலச் சிறிய எழுத்தில் இட வேண்டும். இணையச் சேமிப்பகத்தில் ஏற்றித் திரும்ப இறக்கினாலும் தேதி பெரும்பாலும் போய்விடும். அப்படி அனுப்ப வேண்டியிருந்தால் மொத்தத்தையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள், உள்ளிருப்பவற்றின் தேதிகள் அதனுள்ளேயே போகும். மறுபக்கம் விரித்ததும் மிகப் பழைய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, டேட் வரியையும் ஃபோல்டரில் தெரியும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூலத்தை அழியுங்கள்.