முப்பத்திரண்டு எல்லாம் ஒன்றல்ல

கீழக்கரையில் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் லைசென்ஸுடன் ஒரு ரிவால்வரும் ஒரு பிஸ்டலும் உண்டு. ரிவால்வர் அவருடைய வாப்பா காலத்தது. ஒருநாள் உள்ளங்கையில் இரண்டு தோட்டாக்களை நீட்டினார். "தம்பி, ரெண்டுமே முப்பத்திரண்டுதானே? எதைப் போட்டாலும் வெடிக்கும்ல?"

"வெடிக்கும் காக்கா. அதனாலதான் போடக் கூடாது."

ரிவால்வருக்கு உரியது .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங். கூடு, அதாவது மருந்து அடைத்த பித்தளைக் குழாய், சுமார் 23 மில்லிமீட்டர் நீளம், அடியில் அகலமான விளிம்பு. பிஸ்டலுக்கு உரியது .32 ஏசிபி, 7.65 மில்லிமீட்டர் என்றும் சொல்வார்கள். கூடு 17 மில்லிமீட்டர்தான், விளிம்பு துளியூண்டு. குண்டின் குறுக்களவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே பிஸ்டல் தோட்டா பல ரிவால்வர்களின் சிலிண்டருக்குள் தாராளமாக இறங்கிவிடும். ஆனால் அதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 20,500 பவுண்டு வரை போகலாம், லாங்குக்கு வரம்பு 15,000. பழைய ரிவால்வருக்கு அந்த வித்தியாசம் தாங்காது. உள்ளே இறங்குகிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாரலில் பொறித்திருக்கும் பெயரையும் தோட்டாவின் அடியில் இருக்கும் பெயரையும் முழுசாகப் படித்து ஒப்பிடுங்கள்.

பெயரில் உள்ள எண்ணையும் அளவென்று நம்ப வேண்டாம். .38 ஸ்பெஷலின் குண்டு உண்மையில் .357 அங்குலம்தான். பழங்காலத் தோட்டாக்களில் குண்டும் கூடும் ஒரே பருமனாக இருந்தன; அந்த நாளைய எண் பெயராகவே தங்கிவிட்டது.

சரி, ஃப்ரேம், அதாவது துப்பாக்கியின் உடம்பு, அந்த விஷயத்துக்கு வருவோம். சின்னத் தோட்டா என்றால் துப்பாக்கியும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். கான்பூரில் செய்த நம்மூர் .32 ரிவால்வரின் மூலம் வெப்லி மார்க் 4 என்ற பிரிட்டிஷ் ரிவால்வர், அது .38 தோட்டாவுக்காக அமைந்த உடம்பு. கனமான ஃப்ரேமில் சின்னத் தோட்டா என்பதால் உதைப்பு குறைவு, குறி கலையாது. 2014-ல் வந்த நிர்பீக் என்ற சின்ன ரிவால்வரும் அதே .32தான், எடை சுமார் 500 கிராம். பையில் வைக்கச் சுகம். சுடும்போது கை கூடுதலாகத் துள்ளும். வயதானவருக்கு லேசானதே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தராதீர்கள்.

ஃப்ரேமின் அளவைக் குறிக்கக் கம்பெனிகள் வைக்கும் எழுத்துகளும் குழப்பும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஜே சின்னது, கே நடுத்தரம், என் பெரியது. கோல்ட் கம்பெனியின் ஜே வேறு. அவர்களுடைய ட்ரூப்பர் மார்க் 3 ரிவால்வர் அந்த ஃப்ரேம்தான், அது .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஜே ஃப்ரேமில் .38 தோட்டா ஐந்து அடங்கும், .32 ஆறு, .22 சில மாடல்களில் எட்டு. அப்புறம், .22 ரிவால்வரைக் காலியாக வைத்துக்கொண்டு டிரிக்கரை இழுத்து விளையாட வேண்டாம். தோட்டாவை அடிக்கும் ஊசி (ஃபயரிங் பின்) நேராகச் சிலிண்டர் விளிம்பில் அடித்துத் தழும்பாக்கிவிடும்.

இனி உப்புக்காற்று. மண்டபத்திலும் பாம்பனிலும் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் துப்பாக்கியைத் தோல் உறையிலேயே வைத்துப் பூட்டுகிறோம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறை அழுத்தும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். தோல் பெல்ட்டில் செருகிய பித்தளைத் தோட்டாக்களில் பச்சையாகக் களிம்பு ஏறும். ஒரு வீட்டில் அதைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்கள். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் புளியின் அமிலம் பித்தளையை அரிக்கும், ஈரம் அடிப்பக்க இடுக்கு வழியே மருந்துக்குள் போகும். களிம்பு ஏறிய தோட்டாவைத் தனியே எடுத்து வையுங்கள், சுடாதீர்கள். எண்ணெய் துப்பாக்கிக்கு மட்டும், அதுவும் துணியில் தொட்டு மெல்லிய பூச்சாக.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோமே, அப்போதும் உறையோடு கொடுத்துவிடாதீர்கள். தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுங்கள். திரும்பி வர இரண்டு மாதம்கூட ஆகலாம்.