சருகிலும் மண்ணிலும் நொதிச் செயல்பாடு: அளவீடு எங்கே தடம் புரள்கிறது

சருகை மட்க வைக்கும் நொதிகளை அளக்கும் முறை கேட்பதற்கு எளிது. சுமார் 1 கிராம் மாதிரியை 125 மி.லி. தாங்கல் கரைசலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) அரைக்க வேண்டும். பல குழிகள் கொண்ட தட்டின் ஒரு குழியில், அந்தக் கூழ் 200 மைக்ரோலிட்டரோடு, ஒளிரும் எம்.யூ.பி. மூலக்கூறு கோத்த தளப்பொருள் (நொதி வினைபுரியும் பொருள்) 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, நொதி கழற்றிவிட்ட எம்.யூ.பி.யின் ஒளிர்வைப் படிக்க வேண்டும். 365 நானோமீட்டர் ஒளி ஏற்றினால் 450-இல் ஒளிரும்.

ஆனால் சருகுக் கூழ் தேநீர் நிறத்தில் இருக்கும்; அந்த நிறம் ஒளிர்வை விழுங்கிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். தாங்கல் கரைசலில் 40,000 காட்டும் எம்.யூ.பி. அளவு, கூழின் சொந்த ஒளிர்வைக் கழித்த பிறகு சருகுக் கூழில் 24,000 மட்டுமே காட்டுகிறது என்று கொள்வோம். இந்த விகிதமே தணிவுக் குணகம்; இங்கே அது 0.6. மண் கூழில் அது 0.9 ஆக இருந்து, இதற்குத் திருத்தாமல் விட்டால், உண்மையில் சமமான இரு மாதிரிகளில் மண்ணே ஒன்றரை மடங்கு சுறுசுறுப்பானதாகத் தோன்றும். ஒரு மாதிரியின் குணகத்தை இன்னொன்றுக்குக் கடன் வாங்கக் கூடாது. ஒவ்வொரு மாதிரிக்கும் கூழும் தாங்கலும், கூழும் எம்.யூ.பி.யும் என இரு கட்டுப்பாடுகள் (ஒப்பிட்டுப் பார்க்கும் குழிகள்) வேண்டும்; தட்டுக்கு ஒருமுறை தளப்பொருளும் தாங்கலும், எம்.யூ.பி.யும் தாங்கலும். குழி மிச்சம் பிடிக்க இவற்றில் கைவைப்பது வீண் சிக்கனம்.

அமிலத் தாங்கலில் எம்.யூ.பி. மங்கலாகத்தான் ஒளிரும். அதனால் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துப் படிக்கிறோம். சேர்த்த பிறகும் ஒளிர்வு நேரத்தோடு மாறும். ஒரு தட்டைச் சேர்த்து ஒரு நிமிடம் கழித்துப் படித்தால், எல்லாத் தட்டையும் அதே ஒரு நிமிடம் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

நொதி கழற்றிவிடும் பாரா-நைட்ரோஃபீனாலின் மஞ்சள் நிறத்தை அளக்கும் முறையில் இதே காரம் வேறு தொல்லை தரும்: மட்குப் பொருளைக் கரைத்துப் பழுப்பாக்கும், அந்தப் பழுப்பும் மஞ்சளாகவே பதிவாகும். காரத்துக்கு முன் கால்சியம் குளோரைடு சேர்த்தால் மட்கு பெரும்பாலும் அடங்கும். அடங்காத மிச்சத்துக்கு, தளப்பொருளைக் கடைசியில் சேர்த்த கட்டுப்பாடு தேவை.

கூழைக் கலக்கிக்கொண்டே எடுக்க வேண்டும். நுனி குறுகிய பிப்பெட்டில் சருகுத் துணுக்கு அடைத்து, குழிக்குக் குழி வேறு அளவு மாதிரி போகும். நுனியை வெட்டிக்கொண்டால் போதும். அடுப்பில் உலர்த்திய மாதிரியில் நொதி அளப்பது வீண். ஈரமாகவே 4 டிகிரியில் வைத்துச் சில நாட்களுக்குள் அளக்கலாம். ஈரப்பதம் காண மட்டும் தனித் துண்டு உலரட்டும்.

ஆக்சிஜனேறினால் நிறம் தரும் எல்-டோப்பா கொண்டு ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியை அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மண்ணின் மாங்கனீசு ஆக்சைடும் அதை ஆக்சிஜனேற்றும், பி.எச். உயர்ந்தால் தானாகவும் ஆகும். நிறம் வந்தாலே நொதி என்று எழுதிவிடக் கூடாது. தளப்பொருள் பற்றாமல் போவதும் உண்டு. செறிவை இரட்டித்தும் வேகம் கூடினால், முதலில் அளந்தது உச்ச வேகமே அல்ல.

கடைசியாக, எதனால் வகுக்கிறோம்? ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்குச் சருகில் 500, மண்ணில் 50 நானோமோல் என்றால் சருகு பத்து மடங்கு. ஆனால் சருகில் 95, மண்ணில் 5 சதவீதம் கரிமப் பொருள் என்றால், ஒரு கிராம் கரிமப் பொருளுக்குச் சருகில் சுமார் 526, மண்ணில் 1,000. வரிசையே தலைகீழ். எதனால் வகுத்தீர்கள் என்பதை அட்டவணைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.